டொன்ஸ் பள்ளத்தாக்கில் நான் வைத்துவிட்டுப் போன கிளாஸ்

என் சின்னண்ணை குடிக்கிறாரா இல்லையா என்று பார்த்து வரச் சொல்லி என்னை டென்மார்க்குக்கு அனுப்பினார்கள். ரொறன்ரோவில் கேட்டவர்களுக்கெல்லாம் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். போனது வேவு பார்க்க. போன இடத்தில் ஒரு பள்ளத்தாக்கையும் சுற்றிப் பார்த்ததால், நான் சொன்ன பொய்யில் பாதி உண்மையாகிவிட்டது.

அனுப்பியவள் அண்ணையின் மகள் ஆரணி. இருபத்தேழு வயது. டென்மார்க்கில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் ஹ்விடோவ்ரேயில் தாயோடு இருக்கிறாள், ஒரு மருந்தகத்தில் வேலை. சித்திரையில் கல்யாணம். தகப்பனோடு எட்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

இந்த நாட்டில் பிள்ளைகள் உயர்பள்ளி முடித்ததும் வெள்ளைத் தொப்பி போட்டு, அலங்கரித்த லொறியில் ஏறி, வகுப்பிலுள்ள ஒவ்வொருவர் வீட்டுக்கும் போவார்கள். பெற்றோர் வாசலில் நின்று வரவேற்று, தின்னவும் குடிக்கவும் கொடுக்க வேண்டும். ஆரணி வீட்டுக்கு லொறி வந்த அன்று அண்ணி விடிய எழும்பி ரோல்ஸ் பொரித்து அடுக்கி வைத்திருந்தார். அண்ணை வாசலுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தார். பிள்ளைகள் அவரைத் தாண்டி உள்ளே வந்து, நன்றி சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, திரும்பவும் தாண்டிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை என்பதுதான் ஆரணிக்கு இன்றுவரை ஆறாதது.

அதற்குப் பிறகு அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணை ஹோர்சன்ஸ் நகரில் தனியே இருந்தார். ஆறு வருடமாகக் குடிக்கவில்லை என்று அவரே சொல்லித்தான் கேள்வி. எங்கள் குடும்பத்தில் அதை யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. இந்த நேரத்தில்தான் அந்தப் படம் வந்தது. திராட்சைக் கொடிகளுக்கு நடுவில் அண்ணை, கையில் வைன் கிளாஸ், முகத்தில் சிரிப்பு. ஏதோ ஒரு தோட்டக்காரர் இணையத்தில் போட்டதை யாரோ பார்த்து, அது லண்டன், ரொறன்ரோ, யாழ்ப்பாணம் என்று எல்லா வாட்ஸப் குழுக்களிலும் ஒரு சுற்று வந்தது. எங்கள் ஆட்களுக்கு வைன், விஸ்கி, கள்ளு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. எல்லாம் குடி.

முதல் இரண்டு நாளும் ஹ்விடோவ்ரேயில் தங்கினேன். அங்கே ஆரணி என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன். "மாமி, கார்ட் அடிக்கக் குடுக்கேல்லை. அவர்ரை பேரைப் போடுறதோ விடுறதோ எண்டு தெரியேல்லை. நீங்கள் போய்ப் பாத்திட்டுச் சொல்லுங்கோ. அவரை நான் நம்ப மாட்டன், உங்களை நம்புவன். குடிக்கேல்லையெண்டால் அவரும் அம்மாவும் நிண்டு தாரை வார்க்கட்டும். குடிக்கிறாரெண்டால் அம்மாவின்ரை பக்கத்து மாமாவும் மாமியும் செய்யட்டும், அவர் வரவும் தேவையில்லை."

"நீயே ஒருக்கா எடுத்துக் கதைக்கலாமே?" என்றேன்.

அதற்கு டேனிஷில் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போனாள். மொழி தெரியாவிட்டாலும் விளங்கியது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஹோர்சன்ஸ் நிலையத்தில் அண்ணை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். ஆள் பாதியாகிவிட்டார். எங்கள் வீட்டில் கட்டிப்பிடிக்கும் பழக்கமே இல்லை. கனடாவில் பழகியதுபோல் காட்டிக்கொண்டு கட்டிப்பிடித்தேன். ஏலக்காய் மணந்தது. அந்தக் காலத்தில் அண்ணை குடித்துவிட்டு ஏலக்காய் சப்பிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். "பாயாசம் வருகுது" என்பார் அம்மா.

வீட்டில் அவர் ஒரு காகிதப் பையைப் பிரித்து வைத்தார். உள்ளே சுருட்டிச் சுட்ட பணிஸ்கள், மேலே ஏலக்காய்த் தூள் அப்பியிருந்தது. ஒன்றை வழியிலேயே தின்றுவிட்டதாகச் சொன்னார். இங்கே எல்லா வெதுப்பகத்திலும் கிடைக்குமாம். பணிசில் ஏலக்காய் போடுகிற வெள்ளைக்காரர்களை நான் கனடாவில் கண்டதில்லை. பாதி நிம்மதியோடு தின்றேன்.

அடுத்த நாள் காலை அவர் குளிக்கப் போன நேரம் குசினி அலுமாரிகளைத் திறந்து பார்த்தேன். அரிசிமா, மிளகாய்த்தூள், அப்பிள் ஜூஸ். தொட்டிக்குக் கீழே லேபிள் இல்லாத ஒரு போத்தல் இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். மூக்கு எரிந்து கண்ணில் தண்ணீர் வந்தது. வினாகிரி. இந்த ஊர்த் தண்ணீரில் கேத்தலுக்குள் சுண்ணாம்பு படியும், அதைக் கழுவ வைத்திருக்கிறார். அன்று புரட்டாதிச் சனி. விரத நாளில் நான் செய்த முதல் புண்ணியம் அது.

படத்தில் கண்ட திராட்சைத் தோட்டம் டொன்ஸ் என்ற பள்ளத்தாக்கில் இருக்கிறது. அன்று அறுவடை, நீயும் வா என்றார் அண்ணை. ஹோர்சன்ஸிலிருந்து ரயிலில் போய், ஃப்ரெடரீசியாவில் இறங்கி, வேறு ரயில் பிடித்து கோல்டிங் போக வேண்டும். முப்பது வருடமாக அந்தப் பாதையில் போய் வருகிறவர் பக்கத்தில் இருந்ததால் நான் எதையும் கவனிக்கவில்லை.

"ஆரணி சுகமோ?" என்று கேட்டார்.

"ஓம், சுகம்."

"அவள்தானே உன்னை அனுப்பினவள்?"

"சீ, ஆர் சொன்னது? நான் உங்களைப் பாக்க வந்தனான்."

"பன்னிரண்டு வருசமாப் பாக்காத ஆள்."

"எனக்கும் வேலை, பிள்ளையள், வீடு…"

"நான் குறையாச் சொல்லேல்லை. விடியக் குசினியிலை என்னத்தைத் தேடினனீ?"

"சீனி."

"சீனி மேசையிலை இருந்தது."

நான் கோபப்பட்டேன். பிடிபட்டால் கோபப்படுவது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். நாங்கள் எல்லோரும் எவ்வளவு கவலைப்பட்டோம் தெரியுமா என்று தொடங்கி, அம்மாவின் செத்த வீட்டுக்கு அவர் வராததில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது ஜன்னலுக்கு வெளியே திடீரென்று ஒரே வெளிச்சம். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். கீழே கடல். ஃப்ரெடரீசியாவைத் தவறவிட்டு, நீரிணைப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தோம்.

அடுத்த நிறுத்தமான மிடெல்ஃபார்ட்டில் இறங்கினோம். திரும்பிப் போகும் ரயில் வர முக்கால் மணி நேரம் இருந்தது. காற்று காதைக் குடைந்தது. அண்ணை பிளாஸ்கிலிருந்து இஞ்சித் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். அவர் குடித்த மூடியைக் கழுவாமல் எனக்கு நீட்டியபோது வாங்கிக்கொண்டேன். வாயில் வைக்கும் முன் ஒரு கணம் முகர்ந்தேன். அவர் பார்த்தார், பார்க்காத மாதிரி தண்டவாளப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோல்டிங்கில் எங்களுக்கான பஸ் போய்விட்டது. சனிக்கிழமையில் அடுத்த பஸ்ஸை நம்பியிருந்தால் அறுவடை முடிந்துவிடும். அண்ணை போன் செய்ய, தோட்டத்திலிருந்து இங்கர் என்ற பெண் காரில் வந்தார். எழுபது வயதுக்கு மேல், ஓய்வுபெற்ற தாதி, கார் இருக்கை முழுவதும் நாய் மயிர். ஒவ்வொரு வருடமும் அறுவடைக்கு வந்து இலவசமாகப் பழம் வெட்டிக் கொடுக்கும் கூட்டத்தில் அவரும் ஒருவர். சம்பளம் மத்தியானச் சாப்பாடு.

"உங்கள் சகோதரரின் மூக்கு இல்லாமல் லார்ஸ் ஒரு தொட்டியையும் திறக்கமாட்டார்" என்று இங்கர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். லார்ஸ்தான் தோட்டத்தின் சொந்தக்காரர். அண்ணையைப் பற்றி ஒருவர் பெருமையாகப் பேசி நான் கேட்டு எத்தனையோ காலம். என்ன முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

டென்மார்க்கைத் தட்டையான நாடு என்பார்கள். தெரு சட்டென்று சரிந்து இறங்கியபோது அது முழு உண்மையில்லை என்று கண்டேன். இரண்டு பக்கமும் சரிவு, அடியில் ஓடையும் ஏரிகளும். பனிக்கட்டி மூடிக் கிடந்த காலத்தில் அதன் அடியால் ஓடிய ஆறு அறுத்த பள்ளத்தாக்காம். நூறு வருடத்துக்கு முன் ஓடையை மறித்து, ஏரி கட்டி, கோல்டிங் நகரத்துக்கு மின்சாரம் எடுத்தார்களாம். திராட்சை வந்தது நேற்றுத்தான். ஆனாலும் இந்தப் பள்ளத்தாக்கின் பெயரில் மற்ற இடத்து வைனை விற்க முடியாதபடி ஐரோப்பியச் சட்டம் இருக்கிறதாம். இங்கர் காரை ஓட்டிக்கொண்டே கையை விட்டு விட்டுக் காட்டியதால் நான் பாதியைத்தான் பார்த்தேன், மீதி நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கனடாவில் எங்களுக்கு நயாகரா இருக்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் அருவியைக் காட்டக் கூட்டிப் போவோம். வழியெல்லாம் வைன் தோட்டம். நாங்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போவோம், தெருவோரத்தில் பீச் பழம் வாங்க மட்டும் நிறுத்துவோம். முப்பது வருடத்தில் ஒரு தோட்டத்துக்குள்ளும் நான் கால் வைத்ததில்லை.

லார்ஸ் உயரமான மனிதர், கை குலுக்கியபோது உள்ளங்கை பிசுபிசுத்தது. எனக்கு ஒரு சின்னக் கத்தரிக்கோலும் நீலக் கையுறையும் தந்தார். குருவிக்குப் போட்ட வலையைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். குலையைத் தூக்கிப் பார்த்து, அழுகிய பழத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு, நல்லதைப் பெட்டியில் போட வேண்டும். பச்சையும் பொன்னும் கலந்த சின்னப் பழம், கடித்தால் அப்படி ஒரு இனிப்பு. குளவிகளுக்கும் அது தெரிந்திருந்தது.

ஒரே வரிசையில் அண்ணை அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக வெட்டினோம். இலைகளுக்கு இடையில் முகம் பாதி தெரிந்ததால் பேசச் சுலபமாக இருந்தது.

"அண்ணை, உங்களுக்கு இஞ்சை நிக்கப் பயமில்லையோ?"

"வீட்டிலை தனிய இருக்கத்தான் பயம். இஞ்சை முதல் நாளே லார்ஸிட்டைச் சொல்லிப்போட்டன், நான் குடிகாரன், இப்ப நிப்பாட்டி வைச்சிருக்கிறன் எண்டு. அவன் சரியெண்டு கத்தரிக்கோலைத் தந்தான். எங்கடை சனத்திட்டை இப்பிடிச் சொல்லேலுமோ? மண்டபத்துக்குள்ளை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பினம், வெளியிலை கார் டிக்கிக்குள்ளை போத்தில் உடைப்பினம். ஒண்டு எடு மச்சான், ஒண்டாலை என்ன எண்டுவாங்கள். நான் ஒரு கொண்டாட்டத்துக்கும் போறேல்லை."

"அதாலைதான் உங்களைப் பற்றிக் கண்டபடி கதைக்கினம்."

"போனாலும் கதைப்பினம்" என்றார். அவருடைய கத்தரிக்கோல் நிற்கவில்லை.

பதினொரு மணிக்கு லார்ஸ் அவரைக் கூப்பிட்டார். நானும் பின்னால் போனேன். அதற்குத்தானே வந்திருக்கிறேன். முன்பு மாட்டுத் தொழுவமாக இருந்த கட்டடத்தில் இப்போது முன்பே வெட்டிய பழத்தின் சாறு புளிக்கும் உருக்குத் தொட்டிகள் நிற்கின்றன. உள்ளே போனதும் அப்பத்துக்குக் கரைத்து வைத்த மாவின் மணம் வந்தது. யாழ்ப்பாணத்தில் அப்பமாவைப் புளிக்க வைக்கக் கள்ளு விடுவார்கள். குடியைத் தொடாத குடும்பம் என்று பேர் எடுத்த நாங்கள் எல்லோரும் அதைத்தான் தின்று வளர்ந்தோம்.

லார்ஸ் தொட்டியிலிருந்து ஒரு கிளாசில் கொஞ்சம் பிடித்து நீட்டினார். அண்ணை முதலில் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கிளாசின் காலை இரண்டு விரலால் பிடித்து, மூக்கைக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடினார். டேனிஷில் என்னவோ சொன்னார். எனக்கும் சொன்னார்: "நல்லாப் பழுத்த கொய்யாப்பழம். வவ்வால் கடிச்சது." லார்ஸ் சிரித்துக்கொண்டே தொட்டியில் சோக்கட்டியால் எழுதினார். மூன்றாவது தொட்டியில் அண்ணை முகத்தைச் சுளித்து, நகப்பூச்சு மணக்குது, இதைக் கவனி என்றார். லார்ஸின் சிரிப்பு நின்றுவிட்டது. உடனே முழந்தாளிட்டுக் குழாயைக் கழற்றத் தொடங்கினார்.

"நாங்கள் எல்லோரும் குடித்துத்தான் சோதிப்போம்" என்றார் லார்ஸ் என்னிடம். "நாலாவது தொட்டியோடு எங்கள் மூக்கு உளறத் தொடங்கிவிடும். சிவாவின் மூக்கு மட்டும் கடைசிவரை உண்மை சொல்லும்." அண்ணையை அங்கே எல்லோரும் சிவா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"குடிச்ச காலத்திலை எனக்கு ஒரு மணமும் தெரியாது" என்றார் அண்ணை. "விட்டாப்பிறகு எல்லாம் மணக்குது. வேண்டாததும் மணக்குது."

ஒவ்வொரு கிளாசையும் அவர் வாளியில் கவிழ்த்ததை நான் எண்ணாத குறையாகப் பார்த்தேன். ஒரு துளி உள்ளே போகவில்லை. படத்தில் இருந்த கிளாசுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. போதும் என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் முடித்ததும் அவர் கையைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினார். பிறகு விரல்களை மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தார். மற்றவர்கள் பார்க்கும்போது குடிக்காமல் இருப்பது பெரிய காரியமா, பார்க்காதபோது என்ன செய்வார் என்று என் மனம் கேட்டது. ஆரணிக்கு நான் வாக்குக் கொடுக்க வேண்டும். அவள் மணவறையில் இருக்கும்போது இந்த மனிதன் தடுமாறினால் அந்தப் பழி என் தலையில் விழும்.

மத்தியானம் முற்றத்தில் நீள மேசை போட்டார்கள். கறுப்புப் பாண், ஊறவைத்த மீன், ஈரல் பூச்சு, சீஸ், அவித்த உருளைக்கிழங்கு. நான் விரதம் என்று உருளைக்கிழங்கும் சீசும் எடுத்தேன். அண்ணை புரட்டாதிச் சனியென்றும் பாராமல் மீனும் வெங்காயமுமாகப் பாணில் அடுக்கினார். எல்லோருக்கும் போன வருட வைன் ஊற்றினார்கள். என் கிளாசும் நிறைந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணைக்கு யாரும் கேளாமலே அப்பிள் ஜூஸ் வந்தது.

லார்ஸ் எழுந்து நின்று கிளாசைத் தூக்கினார். இங்கே கிளாசைத் தூக்கினால் ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்த பிறகுதான் குடிக்க வேண்டும், பார்க்காமல் குடிப்பது மரியாதை இல்லை. அண்ணை ஜூசைத் தூக்கி மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் குனிந்து உருளைக்கிழங்கை வெட்டினேன்.

அதன்பிறகு நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். சாப்பிட்டு முடிந்து சனம் எழும்பத் தொடங்கியது. எங்கள் மூலையில் அண்ணையும், கொஞ்சம் தள்ளி இங்கரும்தான் மிச்சம். இங்கர் அந்தப் பக்கம் திரும்பி யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நான் தொடாத என் கிளாசை அண்ணையின் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். பாத்ரூம் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனேன். எனக்குப் பாத்ரூம் போக வேண்டியிருக்கவில்லை.

கதவைப் பூட்டிக்கொண்டு பத்து நிமிடம் உள்ளே நிற்பதென்று முடிவு செய்தேன். சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. டேனிஷ்காரர் வீட்டுக் கழிவறையில் பிறந்தநாள் நாட்காட்டி மாட்டுவார்கள் என்று ஆரணி சொல்லியிருந்தாள். தினமும் கண்ணில் படும், மறக்காதாம். பேரப்பிள்ளைகள், சகோதரங்கள் என்று பெயர்கள். பக்கத்தைப் புரட்டினேன். அடுத்த மாதத்தில் ஒரு சதுரத்தில் பேனாவால் எழுதியிருந்தது, சிவா.

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அண்ணையின் பிறந்த தேதி தெரியாது. நட்சத்திரம் மட்டும் தெரியும், கேட்டை. யாரோ ஒரு தோட்டக்காரன் தன் பிள்ளைகளின் பெயருக்கு நடுவில் அதை எழுதி வைத்திருக்கிறான். உடனே ஓடிப்போய் அந்தக் கிளாசை எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தேன், இன்னும் நாலு நிமிடம் இருந்தது, நின்றேன்.

வெளியே வந்தபோது அண்ணையின் கதிரை வெறுமையாக இருந்தது. கிளாசும் வெறுமையாக இருந்தது.

இங்கரைக் காணவில்லை. மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த லார்ஸிடம், "என் அண்ணை எங்கே?" என்று கேட்டேன். அவர் கீழே ஏரிப் பக்கம் காட்டினார். கிளாசைப் பற்றிக் கேட்கவில்லை. வரிசைகளுக்கு இடையால் சரிவில் இறங்கினேன். ஆறு வருடத்தை நான் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேனோ என்ற ஒரே நினைப்பு. இரண்டு இடத்தில் சறுக்கினேன்.

அண்ணை தண்ணீர்க் கரையில் நின்றார். கை இரண்டும் காற்சட்டைப் பைக்குள்.

"வந்திட்டியோ" என்றார், திரும்பாமல்.

"ஏன் இஞ்சை வந்தனீங்கள்?"

"கிளாசை எனக்குக் கிட்ட வைச்சது நீதானே."

"நான் மறந்துபோய்…"

"மறக்கேல்லை. தள்ளி வைச்சிட்டுப் போனனீ. பாத்தனான்." குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "லார்ஸ் மணக்கத் தாறது வேறை. அவன் பக்கத்திலை நிப்பான். நிறைஞ்ச கிளாசை என்ரை முன்னாலை வைச்சிட்டு எழும்பிப் போன முதல் ஆள் நீ. ஆறு வருசத்திலை ஒருத்தரும் அப்பிடிச் செய்யேல்லை."

"குடிச்சனீங்களோ?" என்று கேட்டேன். அப்போதும் எனக்கு அந்தக் கேள்விதான் வந்தது.

அவர் திரும்பி என்னருகே வந்தார். "மணந்து பார்" என்றார்.

"வேண்டாம் அண்ணை."

"பார். பாக்காமல் போனால் நாளைக்கு உனக்கே சந்தேகம் வரும். அவளுக்கு என்னெண்டு சொல்லுவாய்?"

அறுபத்துமூன்று வயது மனிதர், பல் டொக்டருக்குக் காட்டுவதுபோல, கண்ணை மூடி வாயைத் திறந்துகொண்டு என் முன்னால் நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நான் எட்டி முகர்ந்தேன். மீன், வெங்காயம், கோப்பி. வேறு ஒன்றும் இல்லை. முகராமல் அவர் சொல்லை நம்பியிருந்தால் இன்றைக்கு இதை எழுத வேண்டிய தேவை வந்திருக்காது.

"சரியோ?" என்று கேட்டு வாயை மூடினார்.

நான் அழுதேன். மன்னிப்புக் கேட்டேனா என்று சரியாக நினைவில்லை. அவர் தோளில் தட்டிவிட்டு, "அவளுக்கு இண்டைக்குக் குடிக்கேல்லை எண்டு மட்டும் சொல்லு" என்றார். "நாளைக்கும் குடிக்கமாட்டான் எண்டு நீ பொறுப்பு நிக்காதை. நானே நிக்கிறேல்லை."

மேலே ஏறி வந்தபோது இங்கர் நாயோடு எதிரே வந்தார். கன்னம் சிவந்திருந்தது. "உங்கள் பங்கு வைனையும் சிவா என்னிடம் தந்துவிட்டுப் போனார்" என்றார் என்னிடம், சந்தோஷமாக. "இனி உங்களை நான் காரில் ஏற்ற முடியாது. லார்ஸ் கொண்டுபோய் விடுவார்."

கோல்டிங் நிலையத்தில் ரயிலுக்கு இருபது நிமிடம் இருந்தது. ஆரணியின் அழைப்பு அப்போதுதான் வந்தது. அண்ணை சற்றுத் தள்ளிப் போய் நின்றார்.

"பாத்தனீங்களோ மாமி? குடிக்கிறாரோ?"

"இல்லை."

"எப்பிடி அவ்வளவு நிச்சயமாச் சொல்லுறீங்கள்?"

இல்லையென்ற ஒரு சொல்லோடு வைத்திருக்கலாம். அவள் கேட்டது அதைத்தான். ஆனால் சொல்லிவிட்டேன், கிளாசை நகர்த்தி வைத்தது, கதவைப் பூட்டிக்கொண்டு நின்றது, ஏரிக்கரையில் அவர் வாயைத் திறந்துகொண்டு நின்றது, எல்லாவற்றையும்.

"அப்பாவுக்கு முன்னாலை நீங்கள் வைன் வைச்சனீங்களோ?" என்று கேட்டாள். இரண்டு நாள் நான் அவளோடு இருந்தபோது ஒரு முறைகூட அப்பா என்று சொல்லவில்லை. அவர், அவர் என்றுதான் சொன்னாள்.

"ஓம் பிள்ளை."

டேனிஷில் ஏதோ சொன்னாள். வாழ்த்து இல்லை என்பது எனக்கும் விளங்கியது. ஏச்சு வாங்குவது அப்போது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

"போனை அவரிட்டைக் குடுங்கோ" என்றாள்.

நான் நீட்டினேன். அண்ணை வாங்கவில்லை. கையைக் காற்சட்டையில் துடைத்தார், மற்றக் கையையும் துடைத்தார், பிறகுதான் வாங்கினார். அவர்கள் டேனிஷில் பேசினார்கள். அண்ணை பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தார். யா, யா என்றார். ஒருமுறை நை என்று தலையாட்டினார். வேவு பார்க்க வந்த எனக்கு ஓம், இல்லை என்ற இரண்டு சொல்லைத் தவிர ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. போனை என்னிடம் தந்துவிட்டுத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன சொன்னவள்?"

"சட்டை அளவு கேட்டவள். பட்டுச் சட்டை தைக்கக் குடுக்கவாம்."

"சொன்னனீங்களோ?"

"என்னத்தைச் சொல்லுறது? முந்தின அளவுதான் எனக்குத் தெரியும். அது இப்ப தொளதொளவெண்டு தொங்கும்."

கோட்டைக் கழற்றச் சொன்னேன். "இந்தக் குளிரிலையோ" என்றவர், கழற்றித் தன் கையில் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். மேடையில் நின்ற டேனிஷ்காரர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள். இடது தோள் மூட்டிலிருந்து வலது தோள் மூட்டுவரை சாண் வைத்து அளந்தேன். சந்தேகத்தில் திரும்பவும் அளந்தேன். இரண்டு முறையும் வேறு வேறு அளவு வந்தது.

"ஒழுங்கா அளந்து சொல்லு" என்றார் அண்ணை. "பிழைச்சால் பிள்ளை ஏசுவாள்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன்.